27 அங்குலம்

என் உயரம் 4 அடி 11 அங்குலம். எங்கள் வீட்டுச் சமையல் மேடையின் உயரம் 34 அங்குலம். இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

வீடு கட்டியது 1998-இல். வாசல் எந்தப் பக்கம், பூஜை அறை எங்கே, மாடிப்படி உள்ளேயா வெளியேயா என்று எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து பேசினார்கள். சமையல் மேடையைப் பற்றி மட்டும் பேச்சே எழவில்லை. கொத்தனார் எல்லா வீட்டிலும் போடுகிற உயரத்துக்குச் செங்கல் வைத்து, கடப்பைக் கல்லைப் போட்டு, பூசிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மேடையில் நிற்கப் போகிறவள் எவ்வளவு உயரம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு வேலையாட்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நின்றபடி காய் நறுக்க, முழங்கைக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே பலகை இருந்தால் சரியாக இருக்கும். சப்பாத்தி மாவு பிசையவும் தேய்க்கவும் அது போதாது. உடம்பின் பாரம் தோள் வழியாக உள்ளங்கைக்கு இறங்க வேண்டும்; அதற்குப் பலகை இன்னும் தாழ இருக்க வேண்டும். என் முழங்கை தரையிலிருந்து 37 அங்குலத்தில் இருக்கிறது. ஆகவே எங்கள் மேடையில் எனக்கு நறுக்க வரும், பிசைய வராது. குதிகாலை உயர்த்தி, தோளைக் காதுவரை ஏற்றிக்கொண்டுதான் இத்தனை வருஷமும் பிசைந்தேன். இரவில் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுப்பேன்.

எங்கள் அம்மாவின் சமையலறையில் மேடையே கிடையாது. விறகடுப்பு தரையில். அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மனை எல்லாம் தரையில். உட்கார்ந்து செய்கிற சமையல் அது. கேஸ் அடுப்பு வந்ததும் சமையல் எழுந்து நின்றுகொண்டது. என் வயதுப் பெண்கள் பலர் பிறந்த வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைப் புகுந்த வீட்டில் நின்று செய்தோம். நிற்பதற்கு மேடை வந்தது. உட்கார்ந்து செய்கிற வேலைகள் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அவை எங்கும் போய்விடவில்லை. சின்ன வெங்காயம் உரிப்பதும், முருங்கைக்கீரை உருவுவதும், நெத்திலி ஆய்வதும், அரிசியில் கல் பொறுக்குவதும் நின்றுகொண்டு செய்கிற வேலைகளா? ஐம்பதைத் தாண்டியதும் முழங்கால் மடங்க மறுத்தது. தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடத்தில் கண்ணாடி போட்ட சாப்பாட்டு மேசை இருந்தது. அதில் வெங்காயத் தோல் பறந்தால் டி.வி. பார்க்கிறவர்களுக்குக் கஷ்டம். நான் சமையலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, மடியில் முறத்தை வைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு விஷயம் படித்தேன். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926-இல் ஒரு சமையலறை வடிவமைக்கப்பட்டது. வடிவமைத்தவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாக்காரப் பெண். இன்றைக்கு நாம் மாடுலர் கிச்சன் என்று சொல்வதற்கெல்லாம் அதுதான் முன்னோடி. அந்தச் சின்னஞ்சிறு அறையில் ஜன்னலோரம், வெளிச்சம் விழும் இடத்தில், உட்கார்ந்து காய் நறுக்க ஒரு பலகையும் சுழல் முக்காலியும் வைத்திருந்தார் அவர். ஏறத்தாழ நூறு வருஷம் ஆகிறது. நாம் அலமாரிகளை எடுத்துக்கொண்டோம், முக்காலியை விட்டுவிட்டோம். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு ஒரு மேசை வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான். சாப்பாட்டு மேசை அல்ல. சமையலறைக்குள், ஜன்னலடியில், என் உயரத்துக்கு ஒரு மேசை.

இதை வீட்டில் இப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “பேரப்பிள்ளைங்க வந்தா உட்கார்ந்து சாப்பிட ஒரு சின்ன மேசை இருந்தா நல்லா இருக்கும்” என்று சொன்னேன். கையில் பென்ஷன் பணம் இருந்தது, கேட்டால் வேண்டாம் என்று சொல்லும் மனிதருமில்லை எங்கள் வீட்டுக்காரர். ஆனாலும் எனக்கு என்று ஒரு பொருளைக் கேட்கும்போது, அதை வேறு யாருக்காவது என்று சொன்னால்தான் என் நாக்கு புரளும். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த நாக்கு அது. புடவை எடுத்தால் “பள்ளிக்கூட விழாவுக்கு”, மிக்ஸி வாங்கினால் “இட்லி நல்லா வரும்”. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மேசைக் கதையைச் சொல்வதென்றால் இதைச் சொல்லாமல் சொல்ல முடியாது.

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது பண்ருட்டிப் பக்கம். செம்மண், முந்திரி, பலா. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பலாமரம், தாத்தா காலத்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது அது வேரோடு சாய்ந்தது. அந்த ஒரு நாளில் எங்கள் பக்கத்தில் சாய்ந்த பலாவுக்கும் முந்திரிக்கும் கணக்கில்லை. ஒரு தலைமுறை வைத்து அடுத்த தலைமுறை பறிக்கும் மரங்கள். பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் அவற்றின் பேரில் நின்றுகொண்டிருந்தன. எங்கள் ஊரில் பல மரங்கள் விறகு விலைக்குப் போயின. அப்பா மட்டும் எங்கள் மரத்தை விற்கவில்லை. தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலாவைத்தான் தேடி வருவார்கள். அடிமரத்தைக் கேட்டு ஒருவர் வந்தார். அதற்கும் அப்பா மசியவில்லை. சாமில்லில் கொடுத்து ஒன்றரை அங்குலப் பலகைகளாக அறுத்து, மாட்டுக்கொட்டகையில் அடுக்கினார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போகக் குச்சிகள் வைத்தார். பலகைகளின் இரண்டு முனையிலும் பழைய பெயிண்ட் அடித்தார். மரத்தின் ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். அங்கே மட்டும் முந்திக் காய்ந்தால் வெடிப்பு விடும். அங்குலத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது மரவேலைக்காரர்கள் கணக்கு. அப்பா அதற்கும் மேலேயே காயவிட்டார். அதில் என்ன செய்ய நினைத்தார் என்று சொல்லாமலே 2014-இல் போய்விட்டார்.

காரியங்கள் எல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் அண்ணன்மார் விடுதலைப் பத்திரத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். பெண் பிறந்த வீட்டுச் சொத்தில் தன் பாத்தியதையை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் பத்திரம். எங்கள் பக்கத்தில் இது சடங்கைப் போலவே நடக்கும். சட்டம் என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 1989-இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமான பங்கு தந்தது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்கு அது பொருந்தாது. எனக்கு 1987-இல் கல்யாணம். 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தத் தடையும் விலகியது. எல்லாம் தெரிந்துகொண்டேதான் சார்பதிவாளர் ஆபீசில் கைரேகை வைத்தேன். மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன் என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. வெளியே வந்ததும் அண்ணன் ஓட்டலுக்கு அழைத்துப்போய் டிபன் வாங்கிக் கொடுத்தார். என் அண்ணன்மார் நல்லவர்கள். எனக்கு ஒன்று என்றால் ராத்திரியோடு ராத்திரியாக வந்து நிற்பவர்கள். நிலத்தின் மேல் எனக்கு ஆசையும் இல்லை. ஆனால் பூரியைப் பிட்டுக்கொண்டே நான் நினைத்தது இது: “உனக்கு இந்த வீட்டிலிருந்து என்ன வேணும்?” என்று ஒரு வார்த்தை யாராவது கேட்டிருக்கலாம். அப்பாவோ, அண்ணனோ, நானோ.

நான் அந்தக் கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டது வருஷங்கள் கழித்து, மேசை வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்தபோதுதான். போனில் பெரிய அண்ணனைக் கூப்பிட்டேன். “அண்ணே, கொட்டகையில அப்பா அடுக்கி வச்ச பலாப் பலகை இருக்கில்ல, அது எனக்கு வேணும்.” எனக்கு வேணும் என்ற இரண்டு சொல்லையும் நான் முன்கூட்டியே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “இவ்ளோதானாம்மா? இத ஏன் இத்தன நாளா கேக்கல?” என்றார். அந்த வாரமே ஒரு குட்டியானை வண்டியில் எனக்கு வேண்டிய அளவு பலகையும், இரண்டு பலாப்பழமும், ஒரு மூட்டை வேர்க்கடலையும் நாங்கள் இருக்கும் விழுப்புரத்துக்கு வந்து இறங்கின.

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆசாரியின் பட்டறை இருக்கிறது. வயதானவர். அவருடைய பேரன் என்னிடம் படித்தவன், அதனால் என்னை டீச்சரம்மா என்பார். பலகையைப் பார்த்ததும் அவர் கண் மாறியது. மேலே தூசியும் கறுப்பும் படிந்து கிடந்த பலகையில் இழைப்புளியை ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளே மஞ்சள். புத்த பிக்குகளின் துவராடைக்குச் சாயம் எடுத்த மரம் இதுதான். ஓரத்தில் வெளுப்பாக இருந்த பகுதியை விரல் நகத்தால் கீறிக் காட்டினார். “இந்த வெள்ளையெல்லாம் பூச்சிக்குத்தான். நடுவுல இருக்கு பாருங்க வைரம், இதுல கரையான் வாய் வைக்காது.” வெள்ளையை அறுத்துத் தள்ளிய பிறகு பலகைகளின் அகலம் குறைந்துபோயிற்று. எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்கு அதில் பேச்சே இல்லை.

நான் செய்கிறேன், நீங்கள் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். கூலி அவர் கணக்கு, வேலை என் கை. என்னை ஏற இறங்கப் பார்த்தார், சரி என்றார். பிறகு அளவு கேட்டார். நான்கரை அடி நீளம், இரண்டரை அடி அகலம், உயரம் தெரியவில்லை என்றேன்.

“தெரியலையா? மேசைன்னா முப்பது அங்குலம் டீச்சரம்மா. அதான் வழக்கம்.”

“எனக்கு முப்பது ஆகாதுங்க ஐயா.”

“அப்ப ஒங்களுக்கு எது ஆகும்னு பாத்துட்டு வாங்க. பலகைய அறுத்துட்டா ஒட்ட முடியாது.”

இதைத்தான் எனக்கு 1998-இல் யாராவது சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கொல்லையில் செங்கல்லை இரண்டு வரிசையாக அடுக்கி மேலே ஒரு பலகையைப் போட்டேன். முக்காலியில் உட்கார்ந்து நிஜமாகவே காய் நறுக்கினேன். எழுந்து நின்று நிஜ மாவைப் பிசைந்தேன். ஒரு கல்லை எடுத்தால் தொடை இடித்தது, ஒரு கல்லை வைத்தால் தோள் ஏறியது. முக்காலி 18 அங்குலம். கால் தரையில் முழுசாகப் பதியவில்லை, தொங்கிற்று. அடியில் ஒரு கட்டையைப் போட்டுக் காலை அதில் வைத்தேன். இடுப்பு நிமிர்ந்தது. கடைசியில் எட்டுச் செங்கல், ஒன்றரை அங்குலப் பலகை, நடுவில் ஒன்றரை அங்குலத்துக்கு ஓட்டுத் துண்டுகள். டேப்பை வைத்துப் பார்த்தால் 27. என் தோளும் முதுகும் இடுப்பும் ஒரே நேரத்தில் சும்மா இருந்த உயரம் அது. கொல்லையில் தனியாக உட்கார்ந்து, வெண்டைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகை இன்னும் எனக்கு முழுதாகப் புரியவில்லை. இத்தனை வருஷம் வலித்தது வலி என்றுகூட எண்ணாமல் இருந்திருக்கிறேன் என்பது ஒன்று. அதைத் தீர்க்க மூன்று கூடைச் செங்கல்லும் ஒரு டேப்பும் போதும் என்பது இன்னொன்று.

ஆசாரி 27-ஐக் கேட்டதும் மறுபேச்சு பேசவில்லை. தொடை இடிக்காமல் இருக்க, நான் உட்காரும் பக்கத்துச் சட்டத்தை இரண்டே அங்குலமாக வைக்கலாம், காலை வைக்கக் கீழே ஒரு குறுக்குச் சட்டம் போடலாம் என்று அவரே சொன்னார். ஒருவருடைய உயரத்துக்கு வேலை செய்வதில் அவருக்கு ஒரு குஷி வந்துவிட்டது.

மேல்பலகைக்கு அகலம் வேண்டுமென்றால் பல பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். ஒட்டும் ஓரங்கள் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். இரண்டு பலகையையும் புத்தகம் மூடுவதுபோல் சேர்த்துப் பிடித்து, இரண்டு ஓரத்தையும் ஒன்றாக இழைக்க வேண்டும். கை ஒரு பக்கம் சாய்ந்தாலும், விரித்து ஒட்டும்போது ஒன்றின் சாய்வை மற்றது ஈடுகட்டிவிடும். முதலில் இழைப்புளி தத்தித் தத்திப் போகும். மேடான இடத்தில் மட்டும் தொட்டு, பொடிப் பொடியாகச் சீவல் விழும். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் மாறும். ஒரு கட்டத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே மூச்சாக ஓடி, நான்கரை அடிக்கும் அறுபடாத மஞ்சள் சுருள் ஒன்று வெளியே வரும். அதற்குப் பிறகு ஒரு பலகையின் மேல் மற்றதை நிறுத்தி, ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சக் கீற்று தெரிந்தால் மறுபடியும் இழைப்பு. பலாவில் இன்னொரு சங்கடம் உண்டு. அதன் நார் ஒரே திசையில் போகாது. இங்கே வலப்பக்கம் சாய்ந்தால் அங்கே இடப்பக்கம். எதிர்வாட்டத்தில் இழைத்தால் பிய்த்துக்கொண்டு வரும். உளியைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பலகையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். என் புடவை, கை, மூக்குக்கண்ணாடி எல்லாம் மஞ்சள்.

கால்களுக்கு இரண்டு பலகைகளைச் சேர்த்து ஒட்டி, இரண்டரை அங்குலச் சதுரமாக இழைத்தோம். முதல் காலில் துளையை அவர் எடுத்துக் காட்டினார், மற்றவை நான். சட்டத்தின் முனையை நாக்காக அறுத்து அந்தத் துளைக்குள் செருக வேண்டும். கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினால் இறங்க வேண்டும். அடித்துத்தான் ஏற்ற முடியும் என்றால் கால் பிளந்துவிடும். கையாலேயே போய்விட்டால் ஆடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, கை தெரிந்துகொள்ள வேண்டும்.

மேல்பலகையைச் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்கிவிடலாம் என்று என் மகன் சொன்னான். ஆசாரி அவனை அழைத்துப்போய் பட்டறைக் கதவைக் காட்டினார். ஐப்பசியில் அடைத்துக்கொள்ளும் கதவு சித்திரையில் தானாகத் திறக்கிறதே, ஏன்? மரம் வெட்டுப்பட்ட பிறகும் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். நீளவாட்டில் அநேகமாக அசையாது; அகலவாட்டில்தான் விரிந்து சுருங்கும். இரண்டரை அடி அகலப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டும். அதை அசையவிடாமல் இறுக்கினால் ஒரு கோடையில் டப்பென்று வெடிக்கும். ஆகவே சட்டத்தின் உட்புறம் பள்ளம் எடுத்து, சின்ன மரக்கட்டைகளின் நாக்கை அதில் செருகி, கட்டையை மட்டும் பலகையோடு முடுக்கினோம். பலகை மேலே எழும்பாது, ஆனால் பக்கவாட்டில் நகர இடம் இருக்கும்.

கடைசி வேலை மெருகு. அதில்தான் ஆசாரியோடு எனக்குச் சின்ன வாக்குவாதம். முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளக்கும் பாலிஷ் அடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பலா அதற்கு லாயக்கான மரம்தான். ஆனால் அது மரத்தின் மேல் ஒரு படலம். கத்தி பட்டால் கீறும், சூடான வாணலியை வைத்தால் வெள்ளை வளையம் விழும், ஓர் இடத்தில் போனால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது. எனக்கு வேலை செய்கிற மேசை வேண்டும். எண்ணெய்தான் போடுவேன் என்று நின்றேன்.

எந்த எண்ணெயும் ஆகாது. தேங்காய் எண்ணெய் எத்தனை வருஷமானாலும் மரத்தில் கெட்டிப்படாது. உள்ளேயே கிடந்து சிக்கு வாடை அடிக்கும். எங்கள் ஊரில் கதவு நிலைக்குக் கரையான் வராமல் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெய் தோலில் பட்டால் வெந்துபோகும். அதைச் சாப்பாடு படுகிற இடத்துக்குக் கொண்டுவரக் கூடாது. ஆளி விதை எண்ணெய்தான் சரி. அது காய்வது ஆவியாகிப் போவதால் அல்ல. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு, தன்னோடு தானே கோத்துக்கொண்டு இறுகுகிறது. அடுப்புக்குப் பின்சுவரில் தேய்த்தாலும் போகாத பிசுக்கு ஏறுகிறதே, அதுவும் இதே காரியம்தான். பெயிண்ட் கடையில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்பு சேர்த்த வகையும் விற்பார்கள். சமையலறைக்கு அது வேண்டாம், எதுவும் சேர்க்காததைக் கேட்டு வாங்க வேண்டும். காய நாளாகும், ஆகட்டும்.

80, 120, 180, 220 என்று உப்புத்தாளைப் படிப்படியாக மாற்றித் தேய்த்தேன். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் படுத்திருந்த நார்கள் சிலிர்த்து எழும். காய்ந்ததும் மெல்லத் தேய்த்து அவற்றை எடுத்துவிட வேண்டும். பிறகு எண்ணெயை மெல்லிசாகப் பூசி, மரம் குடித்தது போக மேலே நிற்பதை அரை மணி நேரத்தில் துடைத்துவிட வேண்டும். முதல் பூச்சில் அந்த மஞ்சள் பொன்னாக மாறியதையும், நார் திசை மாறுகிற இடங்களில் வெளிச்சம் அலையடித்ததையும் பார்த்துக்கொண்டு பட்டறையில் எல்லோரும் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டோம். துடைத்த துணிகளை ஆசாரி கொடியில் விரித்துப் போடச் சொன்னார். சுருட்டிக் குவித்து வைத்தால், எண்ணெய் இறுகும்போது எழும் சூடு வெளியேற வழியில்லாமல் துணி தானே தீப்பிடித்துக்கொள்ளும். வீட்டில் செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

“அடியில யாரு பாக்கப் போறா, மேல மட்டும் போடும்மா” என்று மகன் சொன்னான். அடியிலும் போட்டேன், மேலே போட்ட அதே அளவுக்கு. ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கம் மட்டும் ஈரம் வாங்கும், பலகை வளைந்துவிடும். தரையில் மல்லாந்து படுத்து, யாரும் பார்க்காத அந்தப் பக்கத்துக்கு எண்ணெய் தேய்த்த மத்தியானம் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பொழுது. நன்றாக இறுகிய பிறகு, தேன்மெழுகை அதே எண்ணெயில் உருக்கிக் கலந்து மேலே ஒரு பூச்சு.

மேசை வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். “இவ்ளோ அழகா இருக்கு, இத ஏன் உள்ள வைக்கணும்? கூடத்துல போடுவோம், நாலு பேரு பார்க்கட்டும். கண்ணாடி மேசைய மாடிக்கு ஏத்திடலாம்” என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். பேரப்பிள்ளைகளுக்கு என்று நான்தானே சொல்லியிருந்தேன். அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. “இல்லைங்க. இது எனக்காகச் செஞ்சது. என் உயரத்துக்கு அளந்து செஞ்சேன். சமையலறையிலதான் இருக்கணும்” என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. கோபித்துக்கொள்வாரோ, சிரிப்பாரோ என்று நின்றேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். முழங்கால் இடித்தது, அவர் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. “எனக்கு ஆகல” என்றார். பிறகு கேட்டார்: “அப்ப அந்த மேடை ஒனக்கு இத்தன வருஷமா இப்படித்தான் இருந்துச்சா?”

நான் ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு இரண்டு பேருமாகத் தூக்கி ஜன்னலடியில் போட்டோம்.

மேசையில் இப்போது கீறல்கள் உண்டு. ஈர அரிவாள்மனையை ஒரு ராத்திரி அதன் மேலேயே விட்டதில் ஒரு கறுப்புத் தடம் விழுந்திருக்கிறது. இரும்பும் ஈரமும் மரத்திலுள்ள துவர்ப்போடு சேர்ந்தால் அப்படி ஆகும். மஞ்சள்தூள் கொட்டினால் கவலையே இல்லை, மரமும் மஞ்சள். அதுவும் இப்போது மஞ்சளாக இல்லை. வெளிச்சம் பட்டுப்பட்டுப் பலா பழுப்பாகிக்கொண்டே போகும். ஜன்னல் பக்கம் ஒரு நிறம், சுவர்ப் பக்கம் ஒரு நிறம். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் லேசாகத் தேய்த்து ஒரு கை எண்ணெய் கொடுக்கிறேன்.

சென்ற பொங்கலுக்கு வந்த அண்ணி அந்த மேசையில் உட்கார்ந்து கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் போய்ச் சில நாள் கழித்துப் போன் செய்தார். “கொட்டகையில இன்னும் அஞ்சாறு பலக கெடக்குதும்மா. எனக்கு ஒன்னு செய்யக் காணுமா?”

“காணும் அண்ணி. என்ன உயரத்துக்கு வேணும்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? ஒன்னோடது மாதிரியே செய்யச் சொல்லு.”

அண்ணி என்னைவிட அரையடி உயரம். என்னுடையது அவருக்கு ஆகாது. கொல்லையில் செங்கல் அடுக்கச் சொன்னேன், நிஜ மாவைப் பிசைந்து பார்க்கச் சொன்னேன், காலடியில் கட்டை வேண்டுமா என்று பார்க்கச் சொன்னேன், அவசரப்படாமல் ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அளவு வந்தது. இருபத்தொன்பதரையாம். டேப்பைப் பிடித்தது அண்ணன்.